ஆறு வயதுக் கணவரும் ஒன்பது நாய்களும்

சேவரீனே அண்ணியின் கணவருக்கு முதல் பல் விழுந்த வருஷம் நடந்தது இது. பல் போன சந்து வழியாக அவர் போட்ட உத்தரவுகளில் பாதி வெறும் காற்றாகத்தான் வெளியே வந்தது. ஆனாலும் அண்ணி ஒன்றையும் தட்டியதில்லை.

ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெரியப்பா மகன் மினிக் அண்ணன் ஒரு ஜனவரியில், குளிர்கால முழு இருட்டு முடிந்து சூரியன் திரும்பி வர இன்னும் இருபது நாள் இருக்கும்போது, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். மார்ச்சில் பக்கத்து வீட்டு நீவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. எங்களிடம் செத்தவரின் பெயர் அடுத்துப் பிறக்கிற குழந்தைக்குப் போகும். பெயர் போனால் ஆளும் கூடவே போவார். ஆணா பெண்ணா என்று பெயர் பார்ப்பதில்லை. அப்படித்தான் அந்தக் குழந்தை மினிக் ஆனது, அண்ணிக்குக் கணவர் ஆனது, எனக்கு அண்ணன் ஆனது. ஊரின் ஒரே கடையை நடத்துகிறவன் நான், பெயர் ஏனோக்கு, அப்போது வயது ஐம்பது, தொட்டிலில் கிடந்த அண்ணனைப் பார்க்கப் போனேன். தூக்கியதும் என் சட்டையில் பால் கக்கினார். முன்பும் என்னை அவர் அப்படித்தான் நடத்துவார்.

குழப்பம் வராமலிருக்க முன்னவரைப் பழைய அண்ணன் என்றும் இவரைச் சின்ன அண்ணன் என்றும் சொல்கிறேன். நேரில் சொன்னால் இருவருக்குமே பிடிக்காது.

இதில் ஊரில் யாருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. டென்மார்க்கிலிருந்து வந்த நர்ஸ்தான் முதல் வாரத்திலேயே பயந்துபோனாள். அண்ணி நடுத்தெருவில் மூன்று வயதுச் சிறுமி முன் குனிந்து, "என்னங்க, மூக்கச் சிந்துங்க. உறஞ்சு போயிடப்போவுது" என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள். யாரையோ கூட்டி அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நேராக என் கடைக்கு வந்து, அந்த அம்மாவுக்கு மனநிலை சரியில்லையா என்று மெல்லிய குரலில் விசாரித்தாள்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்ல. புருஷனுக்குத்தான் ஜலதோஷம்" என்றேன்.

அண்ணி இந்த ஊர்க்காரி அல்ல. குடாவின் தென்கரையில் பிறந்து, பத்தொன்பது வயதில் பழைய அண்ணனின் சறுக்குவண்டியில் உட்கார்ந்து இங்கே வந்து இறங்கினார். வந்த மறுநாளே அவர் கையில் கோடரி வந்தது. அண்ணன் இருந்த முப்பத்திரண்டு வருஷமும் அது கையை விட்டு இறங்கவில்லை.

ஏனென்றால் பழைய அண்ணனுக்கு நாய்த்தீனி விஷயத்தில் ஒரு கொள்கை இருந்தது. நாய்க்குப் போடுகிற கறி பச்சையாக இருக்க வேண்டும். உறைந்திருக்க வேண்டும். எலும்பும் கொழுப்பும் சேர்ந்திருக்க வேண்டும். சீல் என்கிற கடல்நாயின் கறி முதல் தரம், பெரிய மீன் தலை இரண்டாம் தரம், அதற்குக் கீழே தரமே கிடையாது. வேகவைத்தது, ஊறவைத்தது, கப்பலில் வந்தது எதுவும் ஆகாது. என் கடையில் விற்கிற காய்ந்த தீனியைப் பார்க்கும்போதெல்லாம், "சாக்குல வர்றது சரளக் கல்லு. அதப் போடறவன் வண்டிய அவனே இழுத்துக்கட்டும்" என்பார். கடைக்குள் நின்று, என் வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சொல்வார்.

கொள்கை அண்ணனுடையது. கோடரி அண்ணியுடையது. இரண்டு நாளுக்கு ஒருமுறை, உறைந்து மரக்கட்டையாகிப்போன கடல்நாயைக் கறி வைக்கும் மர மேடையிலிருந்து இறக்கிப் பாறைமேல் போட்டு அண்ணி வெட்டுவார். சில்லு பறக்கும். ஒன்பது நாயும் சங்கிலியை இழுத்துக்கொண்டு பின்னங்காலில் நின்று ஊளையிடும். அண்ணன் கவிழ்த்துப் போட்ட நீல பீப்பாய்மேல் உட்கார்ந்து, கைப்பிடி போன நீலக் குவளையில் காப்பி குடித்தபடி, எந்த நாய்க்கு எந்தத் துண்டு என்று சொல்வார். "நீங்களும் ஒரு கை போடக்கூடாதா?" என்று அண்ணி கேட்டால் உடனே கை இடுப்புக்குப் போகும், முகம் சுருங்கும். "இடுப்பு பிடிச்சுக்கிச்சு சேவரீனே" என்பார். இருநூறு கிலோ மீனைப் பனிக்கு மேல் இழுத்துப்போட்ட இடுப்பு அது. கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் இளவட்டங்கள் உட்கார்ந்த பிறகும் நின்று ஆடும் இடுப்பு. கோடரியைக் கண்டால் மட்டும் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த நாய்களைப் போல ஓடுகிற நாய்கள் குடாவிலேயே கிடையாது. அண்ணன் போன பிறகும் அண்ணி அதே நாய்களைப் பூட்டிக்கொண்டு தனியாக உறைந்த கடற்பனிமேல் இருபது கிலோமீட்டர் போய், துளை போட்டு, நீளத் தூண்டிலை இறக்கி மீன் பிடித்து வந்தார். அதுதான் பிழைப்பு. அதைவிட, நாய்கள் ஓடும்போது அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐம்பத்தேழு வயது அந்த முகத்தில் எங்கே இருக்கிறதென்று தேட வேண்டியிருக்கும்.

சின்ன அண்ணன் மூன்று வயதிலிருந்தே தீனி நாள் தவறாமல் வந்து நீல பீப்பாயில் ஏறிவிடுவார். ஏற முடியாத காலத்தில் அண்ணி தூக்கி வைப்பார். கைப்பிடி போன நீலக் குவளையில் காப்பி என்று பேர் பண்ணி வெதுவெதுப்பான பால் வரும். அதைக் குடித்துவிட்டு, "கயோக்குக்கு மொதல்ல" என்று ஆரம்பிப்பார். கயோக் என்பது வண்டியின் முன்னால் ஓடும் பழுப்பு நாய். "அதுக்கு எலும்பு. இதுக்குக் கொழுப்பு. இன்னும் பெருசா வெட்டு." பார்க்கிறவர்கள் எல்லாரும் தலையை ஆட்டிக்கொள்வார்கள். அப்படியே அவரேதான்.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் படகுத்துறையில் வழுக்கி விழுந்து அண்ணிக்கு வலது தோள் போனது. நர்ஸ் கையைத் தூக்கச் சொன்னாள். தோளுக்கு மேல் ஏறவில்லை. ஆறு மாதத்துக்குக் கோடரியைத் தொடக்கூடாது என்றாள். அண்ணி சரி என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் இடது கையில் கோடரியை எடுத்தார். பத்து நிமிட வேலை ஒரு மணி நேரம் ஆனது. மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் கோடரி நழுவி அவர் காலணிக்குப் பக்கத்தில் பாறையில் தீப்பொறி பறக்க விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாரையாவது வெட்டச் சொல்லலாம்ல அண்ணி? நீவி புருஷன் வர்றேன்னு சொன்னானே."

"என் நாய்க்கு இன்னொருத்தன் கறி போட்டா அது அவன் நாயி."

"அப்ப சாக்குத் தீனி. இடது கையாலயே கொட்டிடலாம்."

கடைக்காரன் புத்தி என்று நீங்கள் நினைப்பது சரிதான். அந்த வருஷக் கடைசிக் கப்பலுக்குச் சரக்குக் கேட்டபோது, நாய்த்தீனி நாற்பது சாக்கு என்று அடிக்க வேண்டியவன் கூடவே ஒரு சுழியைச் சேர்த்து அடித்துவிட்டேன். நானூறும் வந்து இறங்கியது. கிடங்கு நிறைந்து, கடை நிறைந்து, மிச்சம் என் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. என் மனைவி கோழி வாசம் வீசும் தீனி மூட்டைமேல் உட்கார்ந்து காப்பி குடித்தபடி என்னை ஒரு பார்வை பார்ப்பாள். ஊரில் நாய் வைத்திருப்பவர்கள் எல்லாரும் பழைய அண்ணனின் கொள்கைக்காரர்கள். அண்ணி ஒரு சாக்கு வாங்கினால் போதும், மற்றவர்களும் வருவார்கள்.

அதற்காக அண்ணியின் தோளைப் பற்றி எனக்குக் கவலையில்லை என்று அர்த்தமல்ல. இரண்டும் இருந்தது. எது முன்னால் இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்.

அண்ணி காலணியைப் பார்த்தார், கோடரியைப் பார்த்தார்.

"அவரக் கேக்காம நான் எதுவும் செய்ய மாட்டேன்" என்றார். "இந்த மாசம் அவர் பொறந்தநாள் வருதுல்ல? அன்னிக்குக் கேக்கறேன். ஊரே உக்காந்திருக்கறப்ப கேட்டாத்தான் பின்னால மாத்திப் பேச மாட்டார்."

"அவர் வேணாம்னுட்டா?"

"நாய வித்துடறேன். இந்தக் கையால வெட்ட முடியல ஏனோக்கு. பட்டினி போட்டு வெச்சுக்க எனக்கு மனசில்ல."

அதைச் சொல்லும்போது அவர் கயோக்கின் பக்கம் திரும்பவில்லை.

பிறந்தநாளுக்கு முதல் நாள் சின்ன அண்ணன் கடைக்கு வந்தார். வந்ததும் நாய்த்தீனி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்ட ஆரம்பித்தார். கடையில் வேறு யாரும் இல்லை. நான் கல்லாவை விட்டு வெளியே வந்தேன்.

"அண்ணே, ஒரு விஷயம்."

"சொல்லு ஏனோக்கு."

"அண்ணிக்குத் தோள் வலி. பாவம்ல?"

"பாவம்."

"நாளைக்கு உங்ககிட்ட ஒண்ணு கேப்பாங்க. நாய்க்குச் சாக்குத் தீனி போடட்டுமான்னு. போடலாம்னு சொல்லிடுங்க."

"கூடாது" என்றார். "அது சரளக் கல்லு."

உட்கார்ந்திருப்பது அதன்மேல்தான். நான் கல்லாவுக்குப் பின்னாலிருந்த மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து, உப்பும் இனிப்புமான கருப்பு மிட்டாய் ஒரு பை எடுத்து அவர் கண்ணில் படும்படி வைத்தேன். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

"ஒரு பை" என்றேன்.

"ரெண்டு" என்றார். "இப்ப ஒண்ணு. சொன்னதுக்கப்பறம் ஒண்ணு."

பழைய அண்ணன் ஒருவரிடமும் ஒரு மீன் தலைகூடச் சும்மா வாங்கியதில்லை. கைக்கூலிக்குச் சொல்கிற பதில் அவருடைய பதிலாக இருக்காது என்று இந்த இடத்தில் எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மனதுக்குள் நானூறு மூட்டையும் ஒவ்வொன்றாகக் கதவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

மறுநாள் நீவி வீட்டில் காப்பி விருந்து. வாசலில் காலணிகள் குவிந்து கிடந்தன. உள்ளே போகிறவர் அதில் நீந்தித்தான் போக வேண்டும். ஏழு வகை கேக், காய்ந்த மீன், தடித்தடியாக நறுக்கிய திமிங்கிலத் தோல். வழக்கமாகச் சாப்பிட்டவர்கள் எழுந்து இடம் விட, அடுத்தவர்கள் உட்காருவார்கள். ஆனால் அன்று யாரும் எழுந்து போகவில்லை. அண்ணி கேட்கப்போகிற செய்தி ஊரெல்லாம் பரவியிருந்தது. பரப்பியது நான்தான்.

அண்ணி பாசிமணிக் கழுத்துப்பட்டை போட்டு, கல்யாணத்துக்கு வருகிற மாதிரி வந்திருந்தார். வீட்டிலிருந்து கைப்பிடி போன நீலக் குவளையையும் கொண்டுவந்திருந்தார். அதில் பாலை ஊற்றி, ஒரு சொட்டு காப்பி விட்டு, மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆறு வயதுக் கணவரிடம் இரண்டு கையாலும் நீட்டினார்.

"என்னங்க."

"ம்."

"என் தோள் இனிமே கேக்காது போலிருக்கு. நாய்ங்களுக்குக் கடையில வர்ற சாக்குத் தீனி போடட்டுமா? நீங்க சொன்னா போடறேன். இல்லேன்னா வேணாம்."

வாயில் திமிங்கிலத் தோல் வைத்திருந்தவர்கள் மெல்லுவதை நிறுத்தினார்கள். சின்ன அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"போடலாம்" என்றார்.

எல்லாரும் மூச்சை விட்டார்கள். யாரோ கை தட்டினார்கள். நர்ஸ்கூடச் சிரித்தாள். நான் மனதுக்குள் முதல் வண்டியில் சரக்கை ஏற்றிவிட்டேன். அப்புறம்தான் அண்ணியின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. பதிலைச் சரியாகக் கேட்காதவர் போல இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு குழந்தையின் கையிலிருந்த நீலக் குவளையை மெதுவாக வாங்கினார். கழுவினார், துடைத்தார், தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மேஜையிலிருந்த பேப்பர் கப்பில் ஜூஸ் ஊற்றிக் குழந்தையின் முன்னால் வைத்து, தலையைத் தடவினார்.

"குடி கண்ணு" என்றார்.

ஆறு வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. அந்த அறையில் இருந்த நாற்பது பேரும் அதைக் கேட்டார்கள். நர்ஸ் மட்டும் கேக் நன்றாயிருப்பதாக நீவியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசலில் அண்ணி காலணி தேடும்போது பின்னாலேயே போனேன்.

"சரின்னு சொல்லிட்டாரே அண்ணி, அப்பறம் என்ன?"

"முப்பத்திரண்டு வருஷம் ஏனோக்கு" என்றார். "ஒரு தடவகூட என்கிட்ட சரின்னு சொன்னதில்ல. மொதல்ல வேணாம்பார். அப்பறம் கோவிச்சுக்குவார். அப்பறம் நான் சொன்னதயே அவர் சொன்ன மாதிரி செய்வார். கேட்ட ஒடனே சரின்னு சொல்ற மனுஷன் எனக்குத் தெரிஞ்ச ஆள் இல்ல."

"கொழந்ததானே, வளர வளர மாறாதா?"

"போயிட்டார்" என்றார். "இத்தன நாள் கூடவே இருந்தார். இப்பப் போயிட்டார்."

ஆறு வருஷத்துக்கு முன் அண்ணன் செத்தபோது அழாத அண்ணி, காலணிக் குவியல் நடுவில் ஒற்றைக் காலில் நின்று அழுதார். நான் அவருடைய இன்னொரு காலணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் உணர்ந்ததில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். வாயைத் திறந்தேன், "வழுக்கும், பாத்துப் போங்க" என்றுதான் வந்தது.

மறுநாள் அண்ணி கடைக்கு வந்து இரண்டு சாக்கு வாங்கினார். போகும்போது கதவுக்குப் பக்கத்துப் பலகையில் ஒரு காகிதத்தைக் குத்திவிட்டுப் போனார். நான் கல்லாவில் உட்கார்ந்தால் நேர் எதிரே தெரியும் பலகை அது. "ஒன்பது நாய்கள். சேர்த்தே கொடுக்கப்படும். கறி போடுகிற வீட்டுக்கு மட்டும். சேவரீனே."

சரி என்று பதில் கிடைத்த பிறகும் எதற்கு விற்க வேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரியும். அவருக்காகத்தான் அந்த நாய்கள், அந்தக் கொள்கை, அந்தச் சண்டை எல்லாம். அவரே இல்லாதபோது யாரோடு சண்டை போட? குடாவின் அடுத்த கரையிலிருந்து ஒருவர் சனிக்கிழமை வண்டியோடு வந்து நாய்களை ஓட்டிப்போவதாகப் பேச்சாயிற்று.

வெள்ளிக்கிழமை சின்ன அண்ணன் கடைக்கு வந்தார். இந்த முறை மூட்டைமேல் ஏறவில்லை. நான் தராமல் வைத்திருந்த இரண்டாவது மிட்டாய்ப் பையை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. தன் சட்டைப் பாக்கெட்டிலிருந்து முதல் பையில் மிச்சமிருந்ததை எடுத்துக் கல்லாமேல் வைத்தார். ஏழு மிட்டாய் இருந்தது. ஒன்று சப்பிப் பார்த்தது.

"எனக்கு வேணாம்" என்றார். "பேப்பர் கப்புல ஜூஸ் குடுத்தாங்க. என் பீப்பாய்லயும் ஏத்தி விடல. தள்ளி நில்லு, நாய் கடிக்கும்னாங்க." கல்லாமேல் மோவாயை வைத்தார். "கயோக் என்னக் கடிக்குமா ஏனோக்கு?"

"கடிக்காது அண்ணே."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னாங்க?"

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். நான் கடையைப் பூட்டக்கூட மறந்து பின்னால் ஓடினேன்.

அண்ணி நாய்களுக்கு நடுவில் நின்று சாக்கிலிருந்து தீனியைக் கிண்ணங்களில் கொட்டிக்கொண்டிருந்தார். ஊளை இல்லை, துள்ளல் இல்லை. நாய்கள் முகர்ந்து பார்த்துவிட்டு, இது என்ன விளையாட்டு என்பது போல அண்ணியைப் பார்த்தன. கயோக் தன் கிண்ணத்தை மூக்கால் கவிழ்த்துவிட்டு அதன்மேலேயே படுத்துக்கொண்டது.

சின்ன அண்ணன் நேராகப் போய் ஒரு கிண்ணத்தை எட்டி உதைத்தார். தீனி பனிமேல் சிதறியது.

"யாரக் கேட்டு இதப் போட்டே?"

"நீதானே கண்ணு சொன்னே."

"நான் சொல்லல. ஏனோக்கு சொல்லச் சொன்னான். மிட்டாய் குடுத்தான்."

அண்ணி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பனிக்கரடி பார்த்தாலும் ஓடுவதற்கு ஒரு வழி இருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஆமா அண்ணி" என்றேன். "ரெண்டு பை."

"ஒண்ணுதான் குடுத்தான்" என்றார் சின்ன அண்ணன். "அது சரளக் கல்லு. என் நாய்க்குக் கறி போடு. கோடரி எங்க?"

அண்ணி சாக்கைக் கீழே போட்டார். அவர் கன்னத்தில் மெல்லச் சிவப்பு ஏறுவதைப் பார்த்தேன். குளிரால் ஏறுகிற சிவப்பல்ல அது.

"கறி போடணுமா?" என்றார். "கறி போடணும், பெருசா வெட்டணும், எலும்போட வெட்டணும். உக்காந்து சொல்றதுக்கு என்ன? முப்பத்திரண்டு வருஷத்துல நீங்க ஒரு நாளாவது கோடரியத் தொட்டிருக்கீங்களா? என் தோள் போனது ஒங்களுக்குத் தெரியுமா? கறிதான் வேணும்னா இந்தாங்க, நீங்களே வெட்டுங்க."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே வியர்த்தது. இத்தனை வருஷமாக அவர் தொண்டையில் நின்றுகொண்டிருந்த பேச்சு அது. நீங்க என்று தொடங்கிவிட்டதை அவரே கவனிக்கவில்லை.

சின்ன அண்ணன் பின்வாங்கவில்லை. பாறையில் சாய்த்திருந்த கோடரியிடம் போய் இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார். அது அசையவில்லை. மறுபடி தூக்கினார். கைப்பிடி மட்டும் கொஞ்சம் எழுந்து, தொப்பென்று விழுந்தது. சற்று நேரம் கோடரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாக ஒரு கையை இடுப்பில் வைத்தார். முகத்தைச் சுருக்கினார்.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சு சேவரீனே" என்றார்.

அண்ணி அப்படியே பனிமேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது, அழுகிறார் என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வழிந்து தாடையில் உறைந்துபோகிற அளவுக்குச் சிரித்தார். "வந்துட்டாரு" என்றார். "பாவி மனுஷன், எங்கயும் போகல." சிரிப்பின் நடுவில் அந்தக் குழந்தையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். அதற்குள் கயோக் எழுந்து நின்று ஊளையிட ஆரம்பித்தது, மற்ற எட்டும் சேர்ந்துகொண்டன.

அதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று நான் இன்றுவரை விசாரிக்கவில்லை. கடையில் மூட்டை தூக்கச் சொல்லி என் மனைவி கூப்பிடும்போது நானும் இடுப்பில் கை வைப்பதுண்டு. சின்ன அண்ணன் அதைப் பார்த்திருக்கலாம். எங்கள் குடும்பத்து இடுப்பே அப்படித்தான். ஆனால் இதை அண்ணியிடம் சொல்லப்போவதில்லை. ஒருமுறை வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் பட்டது போதும்.

அண்ணி பீப்பாய்ப் பக்கம் போய்ச் சின்ன அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தார். வீட்டுக்குள் போய் நீலக் குவளையோடு திரும்பினார். "இப்ப என்னங்க செய்யலாம்?" என்றார். "எனக்குத் தோள் இல்ல. ஒங்களுக்கு இடுப்பு இல்ல."

அவர் ஒரு வாய் குடித்தார். மேலுதட்டில் பால் மீசையோடு என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"அவன் வெட்டட்டும். நீ எடுத்துப் போடு. அப்ப நாய் ஒன்னுதுதான்."

சனிக்கிழமை அடுத்த கரையிலிருந்து வந்தவருக்கு அண்ணி வீட்டில் காப்பி கிடைத்தது, கேக் கிடைத்தது, நாய் மட்டும் கிடைக்கவில்லை. காலி வண்டியோடு திரும்ப வேண்டாமே என்று பத்து சாக்குத் தீனியை அவர் தலையில் கட்டினேன். மிச்சத்தை விற்றுத் தீர்க்க இரண்டு வருஷம் ஆயிற்று.

இந்த இரண்டு வருஷமும் தீனி நாள் தவறாமல் கடையை ஒரு மணி நேரம் மூடிவிட்டு நான்தான் வெட்டுகிறேன். உறைந்த கடல்நாய் எவ்வளவு கெட்டி என்பதைப் பேசுவதற்கு இப்போது எனக்குத் தகுதி இருக்கிறது. நான் வெட்டுகிற துண்டை அண்ணி எடுத்து வீசுவார், ஒன்பது வாயும் காற்றிலேயே பிடிக்கும். பீப்பாயிலிருந்து, "சின்னதா இருக்கு ஏனோக்கு" என்று குரல் வரும். மறுநாள் அண்ணி வண்டி பூட்டிப் பனிமேல் பறப்பார்.

போன மாதம் ஒன்று பார்த்தேன். படகுத்துறையில் அண்ணி நாற்பது கிலோ மீன்பெட்டியை இரண்டு கையாலும் அள்ளித் தோள்மேல் ஏற்றிக்கொண்டு, யாரோடோ சிரித்துப் பேசியபடி நடந்து போய்க்கொண்டிருந்தார். வலது தோள்மேல்.

அடுத்த தீனி நாளில் கோடரியைப் பாறையில் சாய்த்துவைத்துவிட்டு நின்றேன்.

"அண்ணி, ஒங்க தோள் எப்ப சரியாச்சு?"

அண்ணி கயோக்கின் காதைச் சொறிந்துகொண்டே மோவாயைப் பீப்பாய்ப் பக்கம் காட்டினார். "எனக்கென்ன தெரியும்? அவரக் கேளு."

நான் பீப்பாயைப் பார்த்தேன். சின்ன அண்ணனுக்கு இப்போது எட்டு வயது, பல்லெல்லாம் முளைத்துவிட்டது, உத்தரவுகள் தெளிவாக வருகின்றன. குவளையைக் கீழே வைத்துவிட்டு என்ன என்பது போலப் பார்த்தார். நான் மெதுவாக ஒரு கையை இடுப்பில் வைத்தேன். முகத்தையும் சுருக்கினேன்.

"அண்ணே, இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"அது என் இடுப்பு" என்றார். "நீ வெட்டு."